ஆயிரம் பையும் ஒரு ரகசியமும்

இந்தத் தடவை முப்பிடாதிக்குத் தெரியாமல் ஜெயித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். முப்பிடாதி என் மனைவி. நான் சுடலைக்கண்ணன், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்கு முதலாளி. முதலாளி என்பது பட்டறை வாசல் வரைக்கும்தான்.

ஒரு கம்பெனி தீபாவளிக்கு ஆயிரம் பை கேட்டது. இதுவரை நான் நூறைத் தாண்டியதில்லை. தோலுக்கே ஆறு லட்சம் வேண்டும். தோல் கடை ஷாகுல் ஹமீது பாய் என் முகத்துக்கு இரண்டு லட்சம் வரைதான் கடன் தருவார். கம்பெனியோ சரக்கு போய் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தரும். பாங்கில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கதவே போன வருஷம்தான் வந்தது. நான் விட்டால் எதிர்ப் பட்டறை வானமாமலை ஆர்டரைக் கவ்விக்கொண்டு போய்விடுவான்.

முப்பிடாதியிடம் சொன்னால் பணம் வரும். கூடவே அவளும் வருவாள்.

அதனால் பக்கத்து வீட்டுப் பானுமதியைப் பிடித்தேன். அவள் பெண்கள் நடத்தும் ஏலச்சீட்டில் இருக்கிறாள். ஐந்து லட்சம் சீட்டு. அதில் யார் அதிகமாகத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் மீதிப் பணம். தள்ளியதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவள் பெயரில் நான் எடுப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை ஏலம். நான் பட்டறையில், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

"அண்ணாச்சி, இருபதாயிரம் சொல்லியாச்சு. எதிர்ல ஒரு ஆளு முப்பதுங்காவ."

"நாப்பது போடு!"

"அம்பதுங்காவ."

"யாரும்மா அது?"

"பேரு வெளிய சொல்லக்கூடாது அண்ணாச்சி. சீட்டு ரூலு."

"எழுவது!"

"எம்பதுன்னு சொல்லிட்டு ஏலக்கா டீ குடிக்காவ."

"ஒரு லட்சம்! அதுக்கு மேல ஒரு பைசா முடியாது!"

போனில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் இதயம் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

"நமக்குத்தான் அண்ணாச்சி! அவிய விட்டுட்டாவ!"

நாலு லட்சம்! தேவைக்குச் சரியாக! அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முப்பிடாதி பணக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"இ... இது ஏது?"

"பானுமதி போன்ல அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கேட்டு எடுத்த சீட்டு. நான்தான நடத்துதேன்."

"எதிர்ல கேட்டது?"

"நான்தான். எனக்கு நாலு சீட்டு இருக்குல்லா. நீங்க தள்ளுனதுல இருவதாயிரம் எம்பங்கு."

"ஒரு லட்சத்துல ஏன் நிறுத்துன?"

"ஆர்டர் பேப்பரச் சட்டைப் பையிலயே வச்சுத் துவைக்கப் போட்டிய. அதுக்குப் பின்பக்கத்துல நீங்களே எழுதிருக்கிய, ஆறுல ரெண்டு போக நாலு வேணும்னு. அதுக்கு மேல தள்ளவிட்டா தோலுக்குக் காணாதுல்லா?"

அல்வாவை வாங்கிப் பிரித்தாள்.

"சீட்டு எடுத்தா ஜாமீன் வேணும். பானுமதிக்கு நீங்க ஜாமீன். ஒங்களுக்கு யாரு?"

வேறு யார் இருக்கிறார்கள்? "நீதான்."

"அப்ப சீட்டு முடியுற வரைக்கும் பட்டறைப் பொறுப்பு எங்கிட்ட. ஒங்களுக்கு வாரச் சம்பளம்."

வானமாமலையின் முகத்தை நினைத்துக்கொண்டு அவள் நீட்டிய ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டாள்.