பெடல் போக மீதி டிரம்ஸ்

பேரம் படியவில்லை என்றால் எழுந்து நடந்துவிட வேண்டும், எதிராளி தானே பின்னால் ஓடிவந்து கூப்பிடுவான் என்று இந்த உலகத்துக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவன் எவனோ, அவனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனப்பா, சொன்னதுதான் சொன்னாய், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ போட்ட சத்தம் பாதிவிலையார் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டுவிட்டதே. இதற்கு யார் பொறுப்பு?

பாதிவிலையார் என்றால் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது. பழைய கட்டில், பழைய பீரோ, கால் ஆடுகிற மேசை எல்லாம் வாங்கி விற்கிறவர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியைத்தான் முதலில் வாயில் எடுப்பார். தள்ளுவண்டி இழுத்து ஆரம்பித்தவர். பள்ளிக்கூடம் அவரைப் பாதியில் விட்டது. மீதிப் பாடத்தை அவரை ஏமாற்றியவர்கள் நடத்தி முடித்தார்கள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், இறங்கு என்றால் மூக்குக்கு வாடகை கேட்கும். டாக்டர் முழு மாத்திரை போடச் சொன்னால், அரை மாத்திரை போதாதா என்று கேட்டு டாக்டரையே படுக்க வைத்த மனிதர்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சரியான ஜோடி அவர் வீட்டம்மா. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுவார்த்தைதான். பீரோ எந்தச் சுவரில் நிற்பது, ஃபேன் எத்தனையில் ஓடுவது, மகளை என்ன படிக்க வைப்பது என்று எல்லாவற்றுக்கும் இரண்டு விலை உண்டு. இவர் ஏற, அவர் இறங்க, நடுவில் எங்கோ படியும். கடையில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து, வீட்டில் கத்தினால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

மகள் கல்யாணமாகிப் போனாள். வீட்டில் ஒரு அறை காலியானது. அதற்குப் பிறகு ஒரு நாள் வீட்டம்மா கேட்டார், இருட்டுவதற்குள் கடையை மூடிவிட்டு வந்தால் என்ன, சாயங்காலம் ஆனால் சுவர் நாலும் என்னையே பார்க்கிறது என்று. பாதிவிலையார் வழக்கப்படி பாதியில் வெட்டினார். வாரத்தில் ஒரு நாள் வருகிறேன் என்றார். அம்மா ஏற்றினார். இவர் பார்க்கலாம் என்றார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

பேரம் தன் பக்கம் முடிந்தது என்று பாதிவிலையார் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கடைத்தெருவில் இருந்தவர் நினைக்கிற நினைப்பா அது?

அன்றைக்குப் பிடித்தது வீட்டை ஒரு அமைதி. சாம்பாரில் உப்பில்லை என்றால் "சரி" என்றார் அம்மா. இவர் பீரோவை ஜன்னலை மறைத்து நகர்த்தினார். அதற்கும் "சரி". உன் தம்பி ஒரு உருப்படாதவன் என்று வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தார். எந்தப் பெண்பிள்ளைக்கும் ரத்தம் கொதிக்கும். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே "சரிங்க" என்றார்.

சொன்ன விலைக்கு உடனே சரி என்று தலையாட்டுகிற வாடிக்கைக்காரனைக் கண்டால் வியாபாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கேயோ ஏமாந்துவிட்டோம், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று படுக்கையில் புரளுவான். பாதிவிலையார் வீட்டிலேயே அப்படிப் புரண்டார். வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுகிற சத்தம் அவருக்கே கேட்டது. தண்ணீர் குடித்தால் தொண்டைக்குள் இறங்குவது கேட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் முடிவு கட்டினார். இவள் வாயைத் திறந்து, "நிறுத்துங்க, வீடா இது" என்று ஒரே ஒரு தடவை கத்த வேண்டும். அதற்கு என்ன செலவானாலும் சரி. என்ன செலவானாலும் சரி என்று அவர் வாழ்க்கையில் நினைத்தது அதுதான் முதல் தடவை.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி இசை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவர் இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு டிரம்ஸ் செட் இருந்தது. பாதிவிலையார் அதை ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார். கதவு நிலையில் இருந்த பல்லி கீழே விழுந்தது. இதுதான் சாமான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு விலை கேட்டார்.

மாஸ்டர் நியாயமான விலைதான் சொன்னார். நியாயமான விலை என்றால் பாதிவிலையாருக்கு ஆகாது. உட்காருகிற ஸ்டூல் எனக்கு வேண்டாம், நாற்காலி நம் கடையில் குவிந்து கிடக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள் என்றார். கழிந்தது. அடுத்து, தரையில் கிடந்த ஒரு இரும்புச் சாமானைக் காலால் தள்ளினார்.

"இது என்ன, தையல் மெஷின்ல கழண்டதா?"

"பெடலுங்க. இதை மிதிச்சாத்தான் நடுவுல இருக்குற பெரிய டிரம் பேசும்."

"கையில குச்சி இருக்கில்ல. குனிஞ்சு அடிச்சுக்குறேன். இதையும் கழிச்சுக்குங்க."

மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். பாதிவிலையார் எழுந்து வாசலுக்கு நடந்தார். மாஸ்டர் கூப்பிட்டார். எப்போதும் கூப்பிடுவார்கள்.

ஹாலின் நடுவில் டிரம்ஸ் வந்து இறங்கியது. உட்காருவதற்குக் கடையிலிருந்து ஒரு பழைய சலூன் நாற்காலி வந்தது. போனில் ஒரு ஆள் பாடம் நடத்துகிற வீடியோவை வைத்துக்கொண்டு, குச்சியைச் சுத்தியல் மாதிரி பிடித்து, முதல் அடியை இறக்கினார் பாதிவிலையார். சலூன் நாற்காலி சுழன்று அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டது. திரும்பி வந்து இரண்டாவது அடியை இறக்கினார். நாற்காலி இந்தத் தடவை வாசலைக் காட்டியது. நாற்காலிக்கு அடியில் செங்கல்லைச் சொருகிவிட்டு, ஆத்திரம் தீர அடித்தார்.

பாத்திரக்கடைக்குள் ஆட்டோ புகுந்த மாதிரி இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே ஓடிவந்து பார்த்துவிட்டு, மயக்கம் வருகிறது என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். பாதிவிலையார் ஓரக்கண்ணால் சமையலறையைப் பார்த்தார். அம்மா வந்தார். இதோ, இதோ என்று இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"டீ ஆறுது" என்று ஒரு டம்ளரை டிரம் மேலேயே வைத்துவிட்டு அம்மா உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து பாதிவிலையாருக்கு வெறி பிடித்தது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கடையை இழுத்து மூடிவிட்டு ஓடிவந்தார். ராத்திரி அடித்தால் தெருவே திரளும், பகலிலேயே இவளைக் கத்த வைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. வீடியோக்காரர் முதல் பாடமே சொல்லிக்கொடுத்தார். காலால் பெரிய டிரம்மில் ஒரு 'டும்', கையால் சின்ன டிரம்மில் ஒரு 'டக்'. டும், டக். டும், டக். குழந்தைக்கும் வரும் என்றார்.

குழந்தைக்கு வரும். பெடல் இல்லாதவனுக்கு எப்படி வரும்? குனிந்து குச்சியால் அடித்தால் 'டக்' தப்பியது. காலால் உதைத்தால் கட்டைவிரல் வீங்கியது. பெடலை வாங்கலாம் என்று மாஸ்டரைத் தேடிப் போனால் இடம் பூட்டியிருந்தது. கடைசியில் பெரிய டிரம்மை விட்டுவிட்டார். அதன் இடத்தில் ஒரு மூச்சு காத்திருப்பார். அப்புறம் ஒரு 'டக்'. மறுபடி காத்திருப்பு. டக்.

வேடிக்கை என்னவென்றால், கத்த வைக்க ஆரம்பித்தவர் மெதுவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஓட்டை விழுந்த தாளம் அவருக்கு எதையோ ஞாபகப்படுத்தியது. இவர் ஒன்று சொல்வார், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வரவேண்டும், வராது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்த ஹாலில், பீரோ மறைத்த ஜன்னல் பக்கத்தில், ஒரு பெரிய மனிதர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து பாதித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அப்படித்தான். காத்திருந்தார்.

டும்.

சமையலறையிலிருந்து வந்தது. கரண்டிக் காம்பு காலி டப்பாவில் விழுகிற சத்தம்.

இவர் 'டக்' என்றார். 'டும்' வந்தது. டக். டும். டக். கோபக்காரர், கடைத்தெருவையே நடுங்க வைத்தவர், கண்ணைத் துடைக்கக் குச்சியைக் கீழே வைக்கப் பயந்து அப்படியே அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும் எழுந்து உள்ளே ஓடினார். சமையல் மேடைமேல் பெடல் இருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தது.

"இது எப்படி உன்கிட்ட?"

"மாஸ்டர் இடத்தைக் காலி பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். கொண்டுவந்து குடுத்துட்டுப் போனார்."

"என்ன விலைக்கு?"

"விலையா? கேட்டேன், குடுத்தார்."

பாதிவிலையார் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் அவருக்கு இப்படி ஒரு அடி விழுந்ததில்லை.

"சரி, கொண்டா."

"கொண்டான்னா? தினமும் இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வரணும். சரின்னா எடுத்துக்குங்க."

பழக்கம் விடுமா? ஞாயிறு, புதன் என்று வாயெடுத்தார். அம்மா பெடலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நிதானமாக, திரும்பிப் பார்க்காமல், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அந்த நடையைப் பாதிவிலையாருக்குத் தெரியும். அது அவருடைய நடை.

"இரு, இரு. தினமும் வரேன். நீ சொன்னதே சொன்னதா இருக்கட்டும்."

சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள் சந்தோஷம்தான். இனிமேல் தினமும் டும், டக், நடுவில் ஒரு சண்டை என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் வெயில் சாய்வதற்குள் வந்து நின்றார். பெடல் டிரம்மில் மாட்டியிருந்தது. பீரோ பழைய இடத்துக்குப் போய் ஜன்னல் திறந்திருந்தது. டம்ளரில் டீ மூடி வைத்திருந்தது. அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழ. தையல் கத்துக்குறேன். தினமும் இந்த நேரந்தான்."

"நான் வந்துட்டேன்ல?"

"வரணும்னுதான பேசினோம். நான் இருக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே." படியிறங்கப் போனவர் நின்று, ஹாலை ஒரு தடவை பார்த்தார். "இத்தனை நாள் நான் உக்காந்திருந்தேன். கொஞ்ச நாள் நீங்க உக்காருங்க."

இப்போது தினமும் சாயங்காலம் பாதிவிலையார் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். முழு டிரம்ஸ், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெடலில் கால் வைப்பதில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு, காத்திருந்து, 'டக்' மட்டும் அடிக்கிறார். கீழே இருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம் வருகிறது. நிற்கிறது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு குனிகிறார். மறுபடி ஓடுகிறது.

ஆகவே ஐயா, எழுந்து நடந்தால் கூப்பிடுவான் என்று சொல்லிக்கொடுத்தவனே, நீ எந்த ஊரில் இருந்தாலும் உடனே புறப்பட்டு வா. கூப்பிட்ட பிறகும் கீழே இறங்கிப் போகிறவளை மேலே வரவழைக்க என்ன விலை சொல்ல வேண்டும்? அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ. பாதிவிலையார் இந்தத் தடவை பாதிக்குப் பேச மாட்டார்.