இரண்டாவது மாத்திரை

"இப்பதானே போயிட்டு வந்தே?"

"இப்பதான் போயிட்டு வந்தேன். மறுபடியும் வருது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

கணவர் ஓரல்பாய் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் உல்பிகே முற்றத்தைப் பாதி கடந்திருந்தாள். கழிப்பறை தோட்டத்தின் கடைசியில், ஆப்பிள் மரத்துக்கும் அப்பால் இருந்தது. முப்பது வருடமாக அந்தத் தூரம் அவளுக்குத் தூரமாகவே தெரிந்ததில்லை. இந்தக் கோடையில்தான் அது தராஸ் நகரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்தவள் மேஜையில் இருந்த மாத்திரை அட்டையை முறைத்தாள். அடிக்கடி வரும் மூத்திர அவசரத்துக்கு டாக்டர் கொடுத்து நான்கு நாளாகிறது. 'தினமும் காலையில் ஒன்று. உடைக்காமல், மெல்லாமல், தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.'

"சில வாரமாம்!" என்றாள் உல்பிகே. "சம்பந்தி இன்னைக்கு மத்தியானம் வர்றாங்க. அவங்ககிட்ட போய், சில வாரம் கழிச்சு வாங்க, அதுவரைக்கும் என் மூத்திரப்பை பழகிக்கும்னா சொல்ல முடியும்?"

வருகிறவர்கள் சும்மா வரவில்லை. மகள் அக்மாராலின் காதில் தோடு போட வருகிறார்கள். தோடு ஏறிவிட்டால் பெண் அவர்களுடையவள். ஏறாமல் திரும்பிப் போனால் தெரு முழுக்கக் காரணம் கேட்கும். அதுவும் மாப்பிள்ளையின் அம்மா காதிஷா இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. தரையில் விரித்த தேநீர் விரிப்பில் அவளுக்கு நேர் எதிரே உல்பிகே உட்கார்ந்தாக வேண்டும். விருந்தின் நடுவே வீட்டுக்காரி எழுந்தால், 'போதும், கிளம்புங்கள்' என்று அர்த்தம்.

"ஒண்ணுக்கே கொஞ்சம் அடங்குது" என்று சொல்லிக்கொண்டே உல்பிகே அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கினாள். "ரெண்டு போட்டா முழுசா அடங்கும்."

"அம்மா, டாக்டர் ஒண்ணுன்னுதானே சொன்னாரு?" என்றாள் அக்மாரால், சமையலறையிலிருந்து.

"டாக்டருக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா?"

மாத்திரை உள்ளே போய்விட்டது.

ஓரல்பாய் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது சங்கடம் வரும். ஆகஸ்டில் புல்வெளியில் மாசிப்பத்திரிச் செடி பூக்கும். அவருக்கு மூக்கு குழாயாகத் திறந்துகொள்ளும். அதற்கென்று ஒரு மாத்திரை வைத்திருந்தார்.

"இதையும் ஒண்ணு போட்டுக்கோ."

"எனக்கு எங்கே தும்மல்?"

"தும்மலுக்கு இல்ல, உல்பிகே. எனக்கு ஒழுகுற மூக்கை இது அரை மணியில கட்டிடுது. மேல ஒழுகுறதை நிறுத்துறது கீழ ஒழுகுறதை நிறுத்தாதா?"

பதட்டத்தில் இருப்பவளுக்கு இதைவிடத் தெளிவான மருத்துவம் வேறு என்ன வேண்டும்? அதையும் விழுங்கினாள்.

அரை மணியில் பலன் தெரிந்தது. கீழே அல்ல, வாயில். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உதடு பல்லில் ஒட்டியது. வாசலில் கார் வந்து நின்றபோது, நான்கு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்பு, "வாங்... வாங்... ழம்பந்தி" என்றுதான் வெளியே வந்தது.

காதிஷா உயரமான பெண்மணி. வெள்ளைத் தலைத்துணி, நேர் முதுகு, இறுக்கிய உதடு. கூட அவளுடைய நாத்தனார் மினுவார், கையில் பட்டுத்துணியில் சுற்றிய சின்னப் பெட்டி.

"பயணம் சுகமா இருந்ததா?" என்றார் ஓரல்பாய்.

"இருந்தது" என்றாள் காதிஷா.

"ரோடு மோசமாமே?"

"ஆமா. ரொம்பக் குலுக்கல்." அதைச் சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரி சுளித்தது.

'ஆரம்பமே சரியில்லை' என்று உல்பிகே பயந்தாள். நாலு வார்த்தை இனிப்பாகப் பேசலாமென்றால் நாக்கு நகரவில்லை. நனைப்பதற்குத் தேநீர் குடித்தாள்.

அங்கேதான் வினை. அந்த ஊர்ப் பக்கம் தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். அரை ஊற்றினால், 'இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன்' என்று மரியாதை. அம்மாவின் கிண்ணம் காலியாகக் காலியாக அக்மாரால் மரியாதை செய்துகொண்டே இருந்தாள். ஒன்பதாவது கிண்ணத்தில் உல்பிகேயின் நாக்கு ஓரளவு நனைந்தது. அவசரம் பழையபடி கதவைத் தட்டியது. இரண்டு முழங்காலையும் சேர்த்துவைத்துக்கொண்டு சிரித்தாள்.

எதிரே காதிஷா தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"தேநீர் பிடிக்கலையா, ழம்பந்தி?"

"பிடிக்கும்."

"அப்ப குடிங்க!"

"அப்புறம்."

அதற்குள் இறைச்சித் தட்டு வந்தது. சம்பந்திக்கென்று ஒதுக்கிய இடுப்பெலும்புத் துண்டை வீட்டுக்காரிதான் கையால் எடுத்து வைக்க வேண்டும். உல்பிகே எடுத்தாள். மாத்திரைகள் இப்போது கண்ணுக்கும் வந்துவிட்டன போலிருக்கிறது. எதிரே இரண்டு வெள்ளைத் தலைத்துணிகள் மங்கலாக ஆடின. கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததன் முன்னால் துண்டை வைத்து, தலையும் வணங்கினாள்.

"எனக்கா!" என்று பூரித்துப்போனாள் நாத்தனார் மினுவார்.

காதிஷாவின் உதடு மட்டும் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

ஓரல்பாய் மனைவியின் காதருகே குனிந்தார். "என்ன பண்ணி வச்சிருக்கே? அது அவங்க நாத்தனாரு!"

"எது நாத்தனாரு? எனக்கு ரெண்டு பேரும் ஒரே மூட்டமா தெரியுறாங்க!"

அக்மாரால் சமையலறைக்குப் பாய்ந்து மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரம்மா விஷயத்தைக் கேட்டதும் கத்திய கத்தல் அடுப்படி முழுக்க எதிரொலித்தது.

"ரெண்டு மாத்திரையா? அதுக்கு மேல அலர்ஜி மாத்திரையா? ரெண்டுமே வாயை வறட்டும், கண்ணை மங்க வைக்கும், தூக்கம் வரும்! வேற எதைச் சேர்த்தாலும் என்னைக் கேளுங்கன்னு சீட்டுலயே எழுதினேனே!"

"அப்பா கேட்டாரு. அவரையே கேட்டுக்கிட்டாரு."

"இன்னைக்கு இனி ஒரு மாத்திரையும் கூடாது. நாளைக்கு டாக்டரைக் கேக்காம அடுத்ததும் போடாதீங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, குழம்பிப் பேசினாலோ, மூத்திரம் போகவே முடியலன்னாலோ உடனே ஆஸ்பத்திரி. புரிஞ்சுதா?"

"போக முடியலங்கிறது இல்லைங்க. விருந்து போக விட மாட்டேங்குது."

"முதல்ல தேநீரை நிறுத்துங்க. வாயை நனைக்கத் தண்ணி மட்டும், கொஞ்சம் கொஞ்சமா."

அக்மாரால் கணக்குப் போட்டாள். எல்லோர் முன்னாலும் அம்மாவின் கிண்ணத்தைப் பிடுங்க முடியாது. அரைக் கிண்ணம் என்றால் மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் வெந்நீரை விளிம்பு வரை ஊற்றி, அதில் ரெண்டு சொட்டு பால் விட்டால், பார்வைக்குத் தேநீர். அம்மா அதைத் தொட்டுத் தொட்டு நாள் முழுக்க ஓட்டலாம். கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி விரிப்புக்குக் கொண்டுவந்து, "அப்பா, இதை அந்தப் பக்கம் கொடுங்க" என்றாள்.

ஓரல்பாய் கொடுத்தார். அந்தப் பக்கம் என்றால் அவருக்கு விருந்தாளி பக்கம்தான். கிண்ணம் நேராகக் காதிஷாவின் முன்னால் போய் உட்கார்ந்தது.

அரைக் கிண்ணம் 'இருங்கள்' என்றால், தளும்பும் கிண்ணத்துக்கு என்ன அர்த்தமென்று அங்கே பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். 'குடி. கிளம்பு.'

காதிஷா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"ழம்பந்தி!" என்று அலறினாள் உல்பிகே. "அது உங்களுக்கு இல்ல! எனக்கு!"

"நன்றி" என்று மட்டும் சொன்னாள் காதிஷா. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வேக வேகமாக வெளியேறினாள்.

"போச்சு" என்று தலையில் கை வைத்தார் ஓரல்பாய். "பொண்ணு வாழ்க்கையை மாத்திரையில கரைச்சுட்டே!"

"நான் கரைச்சேனா? மூக்கு மருந்தைக் கொடுத்தது யாரு?"

சண்டைக்கு நேரமில்லை. உல்பிகே பின்னாலேயே ஓடினாள். மன்னிப்புக் கேட்கப் பாதி, தன் அவசரத்துக்குப் பாதி. வாசலில் கார் மட்டும் நின்றது. ஆள் இல்லை. தோட்டத்துப் பக்கம் திரும்பினாள். ஆப்பிள் மரத்துக்கு அப்பால் கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

இடுப்பெலும்புத் துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மினுவார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றாள் உல்பிகே, கால் மாற்றிக் கால் நின்றபடி. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "தோடு போட மாட்டாங்களா?"

"கோவமா? முழுக் கிண்ணத்தைக் கொடுத்து அவங்களை எழுப்பி விட்டீங்களே, அந்த நன்றிக்கே ரெண்டு ஜோடி தோடு போடுவாங்க! உங்க டாக்டர்கிட்டதான் அண்ணியும் இதே அவசரத்துக்குப் பாக்குறாங்க. மாத்திரை போட்டா வாய் உலர்ந்து உங்ககிட்ட பேச வராதேன்னு, இன்னைக்கு அதைப் போடாமலே வந்துட்டாங்க!"