கடப்பால் போன தேர்தல்

கச்சிமுகம்மது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே சரித்திரம் படைப்பதென்று முடிவெடுத்துவிட்டான். பகல் சோற்றுக்கு முன் எடுத்த முடிவு. வெறும் வயிற்றில் எடுத்தபடியால் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தல் காலம். பேக்கரியில் பாணுக்குக் கியூ, சீனிக்குக் கூப்பன், சீத்தைத் துணிக்கும் கியூ. ஆனாலும் அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்ந்துதான் போகிறது. லவுட்ஸ்பீக்கர் கட்டிய கார் தெருவில் திரும்பினால் போதும், சோறாக்குகிறவள் அகப்பையோடு வேலிக்கு ஓடுவாள். அந்த வருசம்தான் எங்கள் கிழக்குக் கரையில் முதன்முதலாக ஒரு பெண் பாராளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டார். ஹாஜறா டீச்சர். கட்சி கிடையாது, சுயேச்சை. சின்னம் மணிக்கூடு. பாதி ஊருக்கு ஆனா எழுதப் பழக்கியவர் அவர்தான்.

கச்சிமுகம்மதுவுக்குச் சைக்கிள் கடை. ஊர்ச் சைக்கிள்களுக்கெல்லாம் காற்றடித்து அடித்து அவனுக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருந்தது. டீச்சருக்காக எங்கள் குறிச்சியில் தொண்டர் படை திரட்டப்போவது தானே என்று அறிவித்துவிட்டான். கடைசிக் கூட்டம் கல்முனையில் பெரிதாக நடக்கும், ஒவ்வொரு குறிச்சியிலும் முன்னின்று வேலை செய்த ஆள் டீச்சருக்குப் பக்கத்தில் மேடையில் இருப்பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மேடைதான் அவன் கண்ணில் நின்றது. கதிரையில் இருக்கும்போது எந்தக் காலுக்கு மேல் எந்தக் காலைப் போடுவதென்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

சந்தையில் ஒரு மேசையில் ஏறி நின்று முதல் பேச்சுப் பேசினான். சமுதாயத்தில் அரைவாசிப் பேர் அடுப்படிக்குள் கிடந்தால் சமுதாயம் எப்படி முன்னேறும், பெண்கள் வெளியே வரவேண்டும் என்றான். சந்தையே கைதட்டியது. அந்தக் கைதட்டல் காதில் ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்து, மனைவி முனவ்வறாவிடம், பொடியன்மார் வருவார்கள், அடுப்படியை விட்டு அசையாமல் தேத்தண்ணி ஊற்று, போஸ்டர் ஒட்ட மாவில் பசை காய்ச்சு என்றான்.

முனவ்வறா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். விடியக் கியூவில் நின்று எடுத்த மாவைச் சுவருக்குத் தின்னக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். அதில் ஒட்டிய போஸ்டரை ஆடுகள் இழுத்துப் பார்த்துக் களைத்துத் திரும்பின.

போஸ்டர் ஒட்டியது. வாக்குத்தான் ஒட்டவில்லை. பொடியன்மார் போய்க் கதவைத் தட்டினால், "ஊட்டுல ஆம்பிளைகள் இல்ல" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்த வீட்டு ஆம்பிளை உள்ளே இருந்து இருமினாலும் அதே பதில்தான். டீச்சரோ, எனக்கு முதலில் பெண்களின் வாக்குத்தான் வேண்டும், உங்கள் குறிச்சிக்கு வரும்போது பெண்களைப் பார்க்கவேண்டும் என்று மறுபடியும் சொல்லி அனுப்பினார். கச்சிமுகம்மதுவின் மேடை ஆடத் தொடங்கியது.

"நான் போறன் மச்சான். பொண்டுகளோட பொண்டுகள்தான் கதைக்கணும்" என்றாள் முனவ்வறா.

"கச்சிமுகம்மதுட பொஞ்சாதி றோட்டால போய் வாக்குக் கேக்காள் எண்டு ஊர் கதைக்கவா?"

"டீச்சரும் பொம்பிளைதானே. அவங்க கேக்கல்லயா?"

"டீச்சர் வேற. டீச்சர் என்ட பொஞ்சாதி இல்ல."

"அது அவங்கட நல்ல காலம்."

அவன் விடவில்லை. வாக்குக் கொடு என்று நின்றான். தேர்தல் முடியும்வரை றோட்டில் கால் வைக்கமாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். அவ்வளவு சுறுக்காகச் சொன்னாளே என்று வேறொருவனுக்கென்றால் சந்தேகம் வந்திருக்கும். கச்சிமுகம்மது வெற்றிக் களிப்பில் இன்னொரு தேத்தண்ணி கேட்டான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வளவைப் பிரித்து வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பார்கள். அதனால் ராத்தாவின் வளவுக்குப் பக்கத்தில் தங்கச்சி, அதற்குப் பின்னால் உம்மாவின் தங்கை சாச்சி, அதற்கும் அப்பால் சாச்சியின் மக்கள். ஒவ்வொரு பின்வேலியிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு விட்டிருக்கும். தேங்காய் துருவியும் கைக்குழந்தையும் ஊர்க் கதையும் அதனால்தான் போய்வரும். கலியாணம் முடித்து வந்த மாப்பிள்ளைமாருக்கு முன்வாசல் மட்டும்தான் தெரியும்.

அந்த முன்வாசலில்தான் கச்சிமுகம்மது கதிரையைப் போட்டுக் காவல் இருந்தான். முனவ்வறா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் அரிசி அளக்கும் ஒரு வெறும் சுண்டோடு பின்கடப்பால் இறங்கினாள். அரிசி இரவல் வாங்கப் போகிறவளை ஆர் தடுப்பது? ஒரு அடுப்படியில் இருந்து அடுத்த அடுப்படிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி, பாணுக்கு நிற்கிறது நாம், சீனிக்கு நிற்கிறது நாம், பாராளுமன்றத்துக்குப் போகிறது மட்டும் ஆம்பிளைகளா என்று கேட்டாள். கேட்டவர்கள் தங்கள் கடப்பால் அடுத்த வளவுக்குப் போய் அதையே கேட்டார்கள். இப்படியே கடற்கரைப் பக்கத்து வீடுகள் வரைக்கும் மணிக்கூடு போய்விட்டது.

வாசலில் இருந்து கச்சிமுகம்மது இடைக்கிடை கூப்பிட்டுப் பார்ப்பான். "ஓம் மச்சான்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். முனவ்வறாவின் தங்கை றஹீமாவும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள், குரலும் ராத்தாவின் குரல்தான் என்பதை அவன் நினைக்கவில்லை. சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. ஒரு நாள் சாச்சி வீட்டுப் பாரைமீன் ஆணம், ஒரு நாள் பின்வளவுக் கருவாட்டுப் பொரியல். வேலைக்குப் போனவளின் வீட்டுக்கு மற்றவர்கள் கறி அனுப்பினார்கள். கச்சிமுகம்மது விரலைச் சூப்பிக்கொண்டு உபதேசம் செய்தான்.

"பாத்தியா, அரசியலுக்குப் போகாம அடுப்படியில இருந்ததால உன்ட கை என்ன ருசியாப் போயிட்டு."

"ஓம் மச்சான். எனக்கே தெரியாமப் போச்சு."

டீச்சர் ஒரு பின்னேரம் வந்தார். கச்சிமுகம்மது பொடியன்மாரோடு வாசலில் கடதாசி மாலை வைத்துக்கொண்டு நின்றான். பெண்கள் எங்கே என்று கேட்டால், வெட்கப்படுகிறார்கள் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தான். டீச்சர் மாலையை வாங்கிக்கொண்டு, "சந்தோசம் தம்பி. முனவ்வறா எங்க?" என்றபடி வீட்டுக்குள்ளால் நடந்து பின்னுக்குப் போய்விட்டார்.

அவனும் பின்னால் போனான். பின்வேலித் தென்னங்கிடுகுகளைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவன் வளவு, றஹீமா வளவு, சாச்சி வளவு எல்லாம் ஒரே வளவாகிக் கிடந்தது. பாய்க்கு மேல் பாய், முக்காட்டுக்குப் பக்கத்தில் முக்காடு. கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் அவன் கண்ணால் காணாத பெண்களெல்லாம் அவன் கிணற்றடியில் இருந்தார்கள். டீச்சர் உடுப்புக் கழுவும் கல்லில் ஏறி நின்று பேசினார். பேசி முடிக்கையில், இந்தக் குறிச்சியில் இருந்து கல்முனை மேடைக்கு வருகிறவர் முனவ்வறா என்றார்.

கச்சிமுகம்மது மனைவியை வாழைமரத்தடிக்குக் கூப்பிட்டான்.

"றோட்டுல கால் வெக்கமாட்டன் எண்டு வாக்குத் தந்தயே."

"வெக்கல்லயே. நீங்கதானே வாசல்ல காவல் இருந்தீங்க."

அவனே சாட்சி. கடைசி அம்பாக, கல்முனைக்கு மட்டும் றோட்டால் போகாமல் எப்படிப் போவாய் என்று கேட்டான். அதற்கு டீச்சர் பதில் சொன்னார். கார் வளவுக்குள்ளேயே வரும், காலில் மண் படாமல் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்.

அந்தத் தேர்தலில் டீச்சர் வெல்லவில்லை. அதைப் பற்றி இப்போது ஆரும் கதைப்பதும் இல்லை. கல்முனைக் கூட்டத்தைத்தான் கதைக்கிறார்கள். எங்கள் பெண்கள் அவ்வளவு பேர் ஒரே மைதானத்தில் இருந்ததை அதற்கு முன் ஆரும் கண்டதில்லை.

கச்சிமுகம்மதுவும் வந்திருந்தான், பிள்ளையும் பால் போத்தலும் கையுமாக. பாதிக் கூட்டத்தில் பிள்ளை உம்மாவைக் கேட்டு வீரிட்டது. மேடைக்குக் கிட்ட வந்தவனை ஒரு தொண்டர் மறித்தார். வேலை செய்த ஆக்கள் மட்டும்தான் ஏறலாம், காக்கா என்று அண்ணன் முறையில் சொன்னார். இது முனவ்வறாவின் பிள்ளை என்றான் கச்சிமுகம்மது. உடனே வழி விட்டார்கள்.

அவன் மேடை ஏறினான். மின்விளக்கு முகத்தில் அடித்தது. டீச்சர் சிரித்தார். மைதானம் முழுக்க அவனையே பார்த்தது. மைக்குக்கு முன்னால் நின்ற முனவ்வறா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பால் போத்தலைத் திருப்பி நீட்டினாள்.

"இத ஒருக்காக் கழுவிட்டு வாங்க, மச்சான்" என்பது கடற்கரை வரைக்கும் கேட்டது.