பாலம் தெரியாத கொம்பியூட்டர்

வெல்லாவெளி,
22.03.2025

அன்புள்ள மருமகன் உதயரூபனுக்கு,

உன் தாய்மாமன் அருமைநாயகம் சொல்லி எழுதுவித்துக்கொள்வது. இங்கே நான், உன் தங்கச்சி வதனி, கறவை மாடு இரண்டு, எல்லாரும் சுகம். சுவிசில் நீயும் மனைவி பிள்ளைகளும் குளிரில் விறைக்காமல் இருக்க மண்டூர் முருகன் துணை நிற்பார்.

இந்தக் கடிதத்தை எழுதுவது யாரென்று எழுத்தைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும். ஓம், அழகரத்தினம்தான். நம்முடைய காணிக்குக் கீழ்க்காணிக்காரர், கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், பதினொரு வருடமாக என்னோடு கதையாதவர். நம்முடைய மாடு அவருடைய பயிரைத் தின்றதென்று வெள்ளாமைக்காரர் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். தின்றது உண்மை. கூட்டத்தில் சொன்னதுதான் பிழை. வதனியிடம் எழுதுவிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வரும். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முருகன் மேல் சத்தியம் வாங்கித்தான் பேனையைக் கொடுத்தேன். ஆகவே அவரைப் பற்றி நான் சொல்லப்போவதையும் அவரேதான் எழுத வேண்டும். இப்போதே முகம் கறுக்கிறது. (கறுக்கவில்லை. – அ.)

விசயம் இதுதான். இந்தச் சிறுபோக வெள்ளாமைக்குக் குளத்தில் தண்ணி குறைவு. விதைக்கிற ஆட்கள் காணியின் நாலு எல்லையையும் வெள்ளிக்கிழமைக்குள் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் பதிய வேண்டும், பதியாத காணிக்குத் தண்ணி இல்லை என்று கூட்டத்தில் முடிவு. உன் அம்மாவின் சீதனக் காணி, மூன்று ஏக்கர், நான் உயிரோடு இருக்கத் தரிசாகக் கிடப்பதா? வதனியின் போனில் காணியின் படம் கீறுகிற இடம் வரவில்லை. களுவாஞ்சிகுடியில் கடை இருக்கிறது, போய்ப் பதிவோம் என்றாள். நான் விடவில்லை. 2013 ஆவணியில் நீ பயணம் போன அன்று, செவ்வாய்க்கிழமை, போட்டிருந்தது நீலச் சேட்டு, இடது கையில் கடவுச்சீட்டு, "மாமா, இந்தக் கொம்பியூட்டர் இனி உங்கட பொறுப்பு" என்றாய். பொறுப்பை வீட்டில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற ஆளா நான்?

திங்கட்கிழமை காலை கொம்பியூட்டரை மூடியிருந்த சேலையை எடுத்தோம். பின்பக்கம் பல்லி முட்டை மூன்று. துடைத்துவிட்டுப் போட்டால் பெட்டி உயிர்த்தது, பக்கமும் பாதி வந்தது, பிறகு நடுவில் ஒரு சின்னப் பலகை வந்து மறித்துக்கொண்டு நின்றது. வதனிக்கு இங்கிலீசு மட்டுமட்டு. என்னிடம் ஒரு சொல் கேட்காமல் ஓடிப்போய் இவரைக் கூட்டிவந்துவிட்டாள். நாங்கள்தான் கதையாதவர்கள், ஆகவே எல்லாம் அவள் வழியாக.

"வதனி, ஸ்கிரிப்ட் எரர், லைன் நாப்பத்தேழு எண்டு கிடக்கெண்டு மாமாட்டச் சொல்லு."

"ஸ்கிரிப்ட் எண்டா என்னெண்டு அவரிட்டக் கேளு புள்ள."

"பக்கத்துக்குப் பின்னால நிண்டு வேலை செய்யிற ஆள் மாதிரி. ஆள் நிண்டுட்டானாம். நிப்பாட்டவா, பொறுக்கவா எண்டு கேக்குது."

"பொறுக்கச் சொல்லு. வெள்ளாமைக்காரன் பொறுக்காம வேற ஆர் பொறுக்கிற?"

பொறுத்தோம். தயிர்க்காரன் வந்து போனான், கண்டுக்குட்டி பால் குடித்து முடிந்தது, பலகை அசையவில்லை. பின்னேரம் தனக்குக் களுவாஞ்சிகுடியில் அலுவல் இருக்கிறதென்று இவர் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் உலாத்தப் போகிற ஆள். (எழுதிவிட்டேன். – அ.)

செவ்வாய் காலை வந்தவர், "பழைய ஞாபகம் கனக்க நிறைஞ்சு கிடக்கு, அதை அழிச்சாச் சரிவரும் எண்டு மாமாட்டச் சொல்லு" என்றார். மருமகன், ஞாபகத்தை அழித்து வருத்தம் மாறின ஆளை நான் இந்த எழுபத்தெட்டு வயதுக்குக் காணவில்லை. வேண்டாம் என்றேன், வதனி என் சொல்லை அங்கே கொண்டுசேர்ப்பதற்குள் அழித்துவிட்டார். நீ விட்டுப்போன பாஸ்வேர்ட் எல்லாம் போயிற்று. லைன் நாற்பத்தேழு போய், லைன் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதை அழிக்க முந்நூற்று ஆறு வந்தது. அன்றைக்கு மட்டும் பதினான்கு எரர், பதினான்கையும் நான் மனதில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் சொல்கிறேன். (ஏழு வரை சொன்னார். எழுதவில்லை. – அ.)

புதன்கிழமை பெட்டியைச் சேலையில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, மண்முனைப் பாலத்தால் காத்தான்குடிக்குப் போனோம். நம்மிடம் நெல் வாங்கிய இப்றாஹிமின் மகன் ஹமீட் அங்கே திருத்துகிற கடை வைத்திருக்கிறார். இவரும் கூட வந்தார், இங்கிலீசு வாசிக்க. ஓட்டோவில் நானும் இவரும், நடுவில் பெட்டி. ஹமீட் என்ன கோளாறு என்று கேட்க, நான் பதினான்கு எரரையும் வரிசையாகச் சொன்னேன்.

"மாமா, எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் மனே இவரோட ஓட்டோவில வாறன்?"

ஹமீட் பெட்டியைத் திறந்து ஊதினார், தட்டினார், போட்டார். பக்கம் அப்படியே பூவாக விரிந்தது! படம் கீறுகிற இடமும் வந்தது. அங்கேயே பதிவோம் என்றால் காணி இலக்கம் எழுதிய துண்டு வீட்டில். அதைக் கொண்டுவர மறந்தது யாரென்று நான் சொல்லவில்லை. (நான் மறக்கவில்லை. என்னிடம் தரவில்லை. – அ.)

வியாழன் வீட்டில் போட்டால் மறுகாவும் லைன் நாற்பத்தேழு. போன் எடுத்தால் ஹமீட், "இஞ்ச ஓடினது அங்க ஏன் ஓடா மாமா?" என்கிறார். வதனி பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போய்விட்டாள். இடையில் நின்று கதை கொண்டுபோக ஆள் இல்லை. இரண்டு பேரும் கொம்பியூட்டரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினோம். "இந்தப் பெட்டிக்கு அறிவிருந்தா, சிலபேர் கண்ணாடியைத் துடைச்சிட்டு வாசிக்கவேணும் எண்டு சொல்லும்" என்றேன். "இந்தப் பெட்டிக்கு வாயிருந்தா, சிலபேர் கைய வெச்சிட்டுச் சும்மா இருக்கவேணும் எண்டு சொல்லும்" என்றார். பிறகு, வேலை செய்யாத ஸ்கிரிப்ட்டை முழுசாகவே நிப்பாட்டுவோம் என்று எதையோ அமத்தினார். எரர் நின்றது. பக்கமும் வந்தது. ஆனால் படமும் இல்லை, அமத்துகிற பொத்தானும் இல்லை. கதவு வைக்காமல் கட்டின வீடு மாதிரி நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். வதனி அன்றும் வேலைக்குப் போய்விட்டாள். இவர் பலகையை வாசிக்க, நான் பெட்டித் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவன் தனக்குத் தெரிந்த இலக்கத்தைத்தானே பார்ப்பான்? மூலையில் ஒன்று, ஒன்று, 2010 என்று நின்றது. ஹமீட்டின் கடையில் அதே மூலையில் 2025 நின்றதை நான் கண்டேன். 2010 தை முதலாம் திகதி, இங்கிலீசு வருடப்பிறப்பு, ஒரு வெள்ளிக்கிழமை. அன்று உன் அம்மா பாற்சோறு காய்ச்சி அடிப்பிடித்துப் போனது. அட, இந்தப் பெட்டி இன்னும் அந்தக் காலையில்தான் நிற்கிறது! 2011 வெள்ளம் இதற்கு இன்னும் வரவில்லை. மண்முனைப் பாலம் இதற்கு இன்னும் கட்டவில்லை. ஆற்றைக் கடக்கப் பழையபடி பாதை என்கிற மிதக்கிற தட்டில் ஏறலாம் என்று, அது வரும் வரும் என்று கரையில் காத்து நிற்கிறது. இந்த வருடத்துப் பக்கத்தை இதற்குக் காட்டினால் எப்படி நம்பும்? என் வாயை நான் மறந்துவிட்டேன்.

"அழகரத்தினம்! இஞ்ச பாருகா!"

பதினொரு வருடத்தில் முதல் சொல். இவர் பேனையைக் கீழே போட்டுவிட்டார். (கண்ணாடியை. – அ.)

ஹமீட்டுக்குப் போன் போட்டோம். "சரி மாமா, சரி! திகதி பிழைச்சா பக்கம் பூட்டுத் திறக்கா, ஸ்கிரிப்ட்டும் உள்ளுக்கு வரா. உள்ளுக்க வட்டமா ஒரு பற்றரி இரிக்கி, அது மௌத்தாப் போயிட்டு. வயரக் கழட்டின உடன எல்லாத்தையும் மறந்திரும். இஞ்ச நான் திகதிய மாத்திட்டுத்தான் ஓட்டின, சொல்ல மறந்துட்டன்." கொம்பியூட்டரும் மறந்தது, திருத்துகிறவரும் மறந்தார், இவர் ஞாபகத்தை அழித்தார். வதனி இடிமின்னலுக்குப் பயந்து ஒவ்வொரு பின்னேரமும் வயரைக் கழற்றி வைத்தாள். வீட்டில் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் எழுத்துத் தெரியாத நான்.

என்ன பற்றரி என்று கேட்டேன். 2032 என்றார். அந்த இலக்கத்தை நான் எங்கேயோ கண்டிருக்கிறேன். எங்கே? நீ போன வருடம் அனுப்பின சீனி பார்க்கிற மெசினின் முதுகில். வதனி ஒவ்வொரு ஞாயிறும் என் விரலில் குத்திப் பார்க்கிற மெசின். கழற்றினேன், இவர் பெட்டிக்குள் போட்டார், பொருந்திவிட்டது. வதனி கேட்டால் மெசின் தானாகவே செத்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்வதாக முடிவு. அவளை எழுத விடாததன் காரணம் இதுதான். நீயும் வாய் திறக்காதே.

திகதியைச் சரியாக்கினதும் பக்கம் வந்தது. கிழக்கே வாய்க்கால், மேற்கே அழகரத்தினத்தின் காணி, தெற்கே வண்டி ரோட்டு, வடக்கே கோயில் காணி. நான் சொல்ல இவர் அடித்தார், பொத்தானை நானே அமத்தினேன். இவர் வாசித்துவிட்டு, "ஏற்றுக்கொண்டிட்டாங்க அண்ணன்" என்றார். காணிக்குத் தண்ணி வரும், மருமகன். பலகையில் நின்ற இலக்கத்தை நீயும் பத்திரமாக வைத்துக்கொள்: 2316. அதற்குப் பக்கத்தில் 17, 3, 2025.

இன்னொன்று. நம்முடைய வரம்பில் ஒரு வக்கடை இருக்கிறதே, நம்முடைய வயலால் அழகரத்தினத்தின் வயலுக்குத் தண்ணி இறங்குகிற வாய், 2014 சிறுபோகத்தில் நான் கட்டி மூடியது. இன்று காலை மண்வெட்டியோடு போய் அதைத் திறந்துவிட்டேன். ஏனென்று நீ கேட்க வேண்டாம். எழுதுகிறவரும் கேட்க வேண்டாம். (கேட்கவில்லை. – அ.)

குளிருக்குள் தலையை நனைக்காதே. பிள்ளைகளுக்குத் தமிழில் இலக்கம் எண்ணவாவது பழக்கு, அது எப்போதும் உதவும். உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் அணையாமல் இருக்கட்டும்.

உன் மாமன்
அருமைநாயகம் (பெருவிரல் அடையாளம்)

பிற்குறிப்பு: தம்பி உதயரூபன், இது அழகரத்தினம். அண்ணன் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார். கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சத்தியம் செய்தேன். அவர் சொல்லி முடித்த பிறகு எழுதுவது கூட்டல் அல்ல, தனிக் கடிதம். கந்தோர் வழக்கப்படி அடைப்புக்குறியும் கணக்கில் வராது.

உங்கள் காணியை நான் திங்கட்கிழமை பின்னேரமே களுவாஞ்சிகுடிக் கடையில் பதிந்துவிட்டேன். என் காணியைப் பதியத்தான் போனேன். நாலு எல்லையையும் காலையில் அண்ணன் வதனியிடம் சத்தமாகச் சொன்னது காதில் இருந்தது, காணி இலக்கத் துண்டு மேசையில் கிடந்தது, பார்த்து வைத்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. சொன்னால், "போய் அழிச்சிட்டு வரச் சொல்லு புள்ள" என்று வதனியிடம் சொல்லி அனுப்புவார். செவ்வாய் சொல்லலாம் என்று வந்தேன், வதனி வழியாகத் தேத்தண்ணி தந்தார். புதன் சொல்லலாம் என்றால் ஓட்டோவில் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பலகையில் நின்றது "இந்தக் காணி ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது" என்று. நான்தான் மாற்றி வாசித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம். சீனி மெசினுக்குப் பற்றரி நான் வாங்கிப் போடுகிறேன். மெசின் செத்த நேரத்திலிருந்து மூன்று சட்டி தயிர் முடிந்துவிட்டது, சீனியோடு.

இன்னொரு பிற்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். 17, 3, 2025. என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போது மண்டையில் ஏறவில்லை. பதினேழு திங்கட்கிழமை, நான் கடையில் பதிந்த நாள். நேற்று இருபத்தொன்று. அண்ணனுக்கு இலக்கம் தெரியும் என்பது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

வக்கடையைப் போய்ப் பார்த்தேன். நன்றாக அகலமாகத்தான் வெட்டியிருக்கிறார்.

இதோ வாசலில் வந்து நிற்கிறார். "நான் சொன்னது நாலு பக்கம், நீ என்னகா ஆறாம் பக்கம் எழுதுற?" என்று கேட்கிறார். விலாசம் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி, அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று மட்டும் அவருக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால் வெட்கத்தில் வக்கடையைத் திரும்பவும் மூடிவிடுவார்.