ஏசுதாஸைக் காப்பாற்றிய விழா

மருத்துவ வளர்ச்சியில் மாலைக்கும் பொன்னாடைக்கும் உள்ள பங்கை உலகம் இன்னும் சரியாக உணரவில்லை. உணர விரும்புவோர் முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி நிற்கும் 'அலையமுதம் பன்னோக்கு மருத்துவமனை'க்கு ஒரு நடை போய் வரலாம்.

ஏசுதாஸ் போனார். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவருடைய வலது காலுக்கு ஒரு கெட்ட பழக்கம். அடிக்கடி சிவந்து வீங்கி, காய்ச்சலோடு ஆளைப் படுக்கப் போட்டுவிடும். பிரேக் மிதிக்கிற கால், ஐயா! இன்னொரு தடவை லீவு கேட்டால் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகக் கம்பெனி அன்போடு தெரிவித்திருந்தது. பென்சிலின் போட்டால் அடங்கும். ஆனால் அவருக்குத்தான் பென்சிலின் 'அலர்ஜி' ஆயிற்றே! சின்ன வயதில் அந்த மாத்திரை தின்று வாந்தி எடுத்தாராம். அம்மா சொன்னது. அதைக் கேட்ட டாக்டர்கள் எல்லோரும் சீட்டின் தலையில் சிவப்பு மையால் எழுதி, அடிக்கோடும் போட்டு வந்தார்கள்.

"வாந்தி எடுத்தா அலர்ஜி இல்லண்ணே," என்றார் நர்ஸ் பொன்னி. "ஒரு மாத்திரை குடுத்து ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாத்தா தெரிஞ்சிடும்."

இவ்வளவு எளிய காரியத்தை இவ்வளவு எளிதாகச் செய்துவிடலாமா? இயக்குநர் டாக்டர் ஆனந்தன் அப்படி விட்டுவிடுகிறவர் அல்ல. 'ஒவ்வாமை விடுதலை மையம்' உதயமாயிற்று. பந்தல், ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, மேளம். முதல் நோயாளிக்கு முதல் மாத்திரையைத் தலைமை விருந்தினரான தொழிலதிபர் தம் பொற்கரங்களால் வழங்குவார் என்று அழைப்பிதழ் வேறு.

விழா நாயகனை வெறுங்கழுத்தோடு நிறுத்துவது முறையா? ஜிகினா தூவிய சாமந்தி மாலை விழுந்தது. அதன்மேல் பொன்னாடை. அதன்மேல் கத்திரி வெயில். வெள்ளித் தட்டில் வந்த மாத்திரையை விருந்தினர் ஏசுதாஸ் கையில் வைத்தார்.

"அப்பிடியே புடிங்க சார்! முழுங்கிடாதீங்க! இன்னொரு தபா!" என்றார் போட்டோகிராபர்.

"சந்திரம்மா, கழுத்து நமநமன்னு கீது," என்று முனகினார் ஏசுதாஸ்.

"சும்மா இருய்யா. போட்டோ புடிச்சிகினு கீறாங்க, சிரி," என்றாள் மனைவி.

சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. யாரோ, "ரியாக்‌ஷன்!" என்று கத்தினார்கள். "யாரும் பதறாதீங்க!" என்று மைக்கில் இயக்குநர் அலறிய அலறலில் பந்தலே பதறியது. நான்கு பேர் ஏசுதாஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாலையைக் கழற்றி எறிந்தார்கள், ஊசி போட்டார்கள். தடிப்பு அடங்கியது. இயக்குநர் மேடைக்குத் திரும்பி, "ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம்!" என்று தழுதழுத்தார். விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே மருத்துவமனைக்கு ஓர் ஆம்புலன்ஸ் நன்கொடை அறிவித்தார். மேளக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளம் வாசித்தார்.

சாயங்காலம் இயக்குநரே வார்டுக்கு வந்து, 'கடும் ஒவ்வாமை' என்ற சிவப்புப் பட்டையை ஏசுதாஸ் கையில் கட்டப் போனார். சந்திரம்மா புருஷனின் மூடிய கையைப் பிரித்துக் காட்டினாள்.

"இன்னா டாக்டர் இது? மாத்திர இங்க கீது! இவுரு முழுங்கவேயில்ல!"

வேர்வையில் ஓரம் கரைந்த மாத்திரை. பொன்னிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அது மாலையால வந்த அரிப்பு சார்! அடுத்த வாரம் மாலையில்லாம வரச்சொல்லி, மாத்திரையக் குடுத்துப் பாத்துடலாம்."

ஏசுதாஸ் எழுந்து உட்கார்ந்தார். போன பஸ் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

இயக்குநர் கதவைச் சாத்தினார். "பொன்னி, பேப்பருக்குச் செய்தி போயாச்சு. ஆம்புலன்சும் வரப்போகுது. இவர் இப்ப முழுங்கி ஒண்ணும் ஆகலேன்னா, நாம எதைக் காப்பாத்தினோம்னு சொல்றது?"

"என் காலத் தவுர மீதி எல்லாத்தையும் காப்பாத்திக்கினீங்க சார்," என்றார் ஏசுதாஸ்.