பாக்டீரியாக்களுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் மாசாணி என்ற தாய்க்கரடி சோளம் விதைத்திருந்தாள். மழைக்காலத்துக்கு அவள் குட்டிகள் அதைத்தான் நம்பியிருந்தன. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் மஞ்சளடித்துச் சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து அழுகியிருந்தது.

"யாருடா அது?" என்று மண்ணைப் பார்த்து உறுமினாள்.

"வேரழுகல் பூஞ்சைங்க. உங்க சோளம் நல்ல ருசி" என்று பதில் வந்தது.

அழுத முகத்தைக் கழுவ ஆற்றுக்குப் போனாள். அங்கே மூங்கில் தூரிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, நாங்க நல்ல பாக்டீரியா. எங்களை உங்க பயிர் வேருல கொண்டுபோய் விடுங்க. வேர்ல கசியுற சாறு போதும். அந்தப் பூஞ்சைப் பயலை அண்டவிட மாட்டோம்."

மாசாணி அந்த மண்ணை அள்ளிவந்து, சாணத்தோடு கலந்து சோளத் தூரில் இட்டாள். பாக்டீரியாக்கள் வேரெல்லாம் நெருக்கியடித்துக் குடியேறின. பூஞ்சைக்கு உட்கார இடமில்லை. வரப்போரம் பட்டினி கிடந்தது. சோளம் நிமிர்ந்தது.

செய்தி நாச்சிமுத்துக் குரங்குக்குப் போனது. காட்டில் எந்த விழாவானாலும் மைக் அதன் கையில்தான்.

"இவ்வளவு செஞ்சவங்களுக்கு ஒரு பொன்னாடை போடலைன்னா காடு நம்மளக் காறித் துப்பாதா?"

"வேண்டாங்க, எங்களுக்கு வெயில் ஆகாது" என்று பாக்டீரியாக்கள் கெஞ்சின.

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்று குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. மாசாணிக்கும் மறுத்துப் பேசக் கூச்சம்.

வேர்மண்ணைச் சுரண்டி வாழையிலையில் பரப்பி, உச்சிவெயிலில் மேடையேற்றினார்கள். யானை வரவேற்புரையை முடிப்பதற்குள் மண் காய்ந்து பொடியாகிவிட்டது. நன்றியுரையை இரங்கலுரையாக மாற்றி வாசித்தார்கள். பலத்த கைதட்டல்.

பூஞ்சை வயலுக்குத் திரும்பியது. மாசாணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எதையோ யோசித்தவளாக எழுந்து போய்க் குனிந்து பூஞ்சையிடம் பேசினாள்.

"அண்ணே, உங்க விடாமுயற்சி யாருக்கு வரும்? உங்களுக்கும் ஒரு விழா எடுக்கணும்னு ஆசை."

அன்றைய கைதட்டலைக் கேட்டுப் பொருமிக் கிடந்த பூஞ்சைக்குக் குரல் தழுதழுத்தது. "எனக்கா? பொன்னாடை உண்டா?"

"உண்டு."

"யானை பேசுவாரா?"

"அவரை நிறுத்தத்தான் ஆளில்லை."

பூஞ்சை தன் சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டி, ஓர் இழைகூட மண்ணில் விடாமல் உச்சிவெயிலில் மேடையேறியது. "இப்பூவுலகில் பூஞ்சைகள் தோன்றிய காலந்தொட்டு..." என்று யானை ஆரம்பித்தது.

சாயங்காலம் மேடையைப் பெருக்கினார்கள். மாசாணி யாரிடமும் சொல்லாமல் மறுபடி மூங்கில் தூருக்குப் போய் மண் அள்ளி வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்கக் குட்டிகள் சோளக்களி தின்றன.

நீதி: நல்லது செய்பவர்களை இருட்டிலேயே விட்டுவையுங்கள், ஒழிய வேண்டியவர்களுக்குத் தவறாமல் பாராட்டு விழா எடுங்கள்.