ஜூம் சுவாமியின் இருநூறு சதவீதம்

கடவுள் உலகத்தைப் படைத்தபோது அளவு விஷயத்தில் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் ஜூம் சுவாமிதான். யானை தேவைக்கு மேல் பெரிது என்பார். கிழக்கேகோட்டை பஸ் நிலையம் தேவைக்கு ரொம்பக் கீழே. பள்ளிகொண்ட பத்மநாபரை மட்டும் விட்டுவைத்திருந்தார். "ஒரு பேஜ்ல அடங்கலை. அதனால மூணு வாசலாப் பிரிச்சு வெச்சுட்டா. அதாக்கும் லேஅவுட்" என்று கோவில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போடுவார்.

இந்த நூற்றாண்டு தவழ்ந்துகொண்டிருந்த காலம். பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் எங்கள் டி.டி.பி. சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, எட்டுத்திக்கும் காகிதம். கீழே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்க மேலே வரும். நான் தமிழ் டைப் செய்யும் விசைச் சத்தம் மேலே இருந்து கீழே போகும். சுவாமி பக்கம் அமைத்துத் தரும் பி.டி.எஃப். பிரதியைத் திரையில் திறந்து தங்கம் அக்கா பிழை திருத்துவார். கடைசியில் ஃபைல் மறுபடி சுவாமியிடமே போகும். அவர் அதை இறுதிப் பி.டி.எஃப். ஆக்கினால்தான் அது பிறந்ததாகக் கணக்கு. கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வருவார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. பேனா இருக்க வேண்டிய பையில் ஓர் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல்.

ஸ்கேலுக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தடவை பாறசாலையிலிருந்து ஒரு பெரியவர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வந்தார். பி.டி.எஃப். திறந்து காட்டும் ரீடர் அதைத் திரையின் அகலத்துக்கு இழுத்து விரித்துக் காட்டியது. "எழுத்து ரொம்பப் பெருசு, குறைங்க" என்றார். குறைத்தோம். "இன்னும்." குறைத்தோம். அச்சாகி வந்தபோது பூதக்கண்ணாடி வைத்துத்தான் மணப்பெண்ணைத் தேட வேண்டியிருந்தது.

அன்றோடு சுவாமிக்கு ஒரு மதம் பிறந்தது. கையில் இருக்கும் காகிதம் எத்தனை அங்குலமோ, திரையில் தெரியும் பக்கமும் அத்தனை அங்குலம். ஒரு நூலிழை கூடாது, குறையாது. நூறு சதவீதம் என்று வைத்தால் போதாதா என்று கேட்டேன். மானிட்டர் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினார்.

"அளந்து பாருடா. எட்டரை இஞ்ச் எங்க? இது ஒன்பதே முக்கால். நூறுன்னு சொல்லிண்டு நம்மளப் பத்திக்கறான், ஏமாத்தறான், மனசிலாச்சா?"

கணக்குப் போட்டு ஒவ்வொரு மானிட்டருக்கும் ஓர் எண் கண்டுபிடித்தார். முதலாவதற்கு எண்பத்தேழு, அடுத்ததற்குத் தொண்ணூற்றொன்று, என்னுடையதற்கு எண்பத்துநாலு. எண்களைச் சீட்டில் எழுதி அவற்றின் நெற்றியில் ஒட்டினார். வருகிறவர்கள் மானிட்டர்களுக்குப் பரீட்சை வைத்து மார்க் போட்டிருப்பதாக நினைத்தார்கள். ரீடருக்குள் போய், எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த எண்ணிலேயே திறக்கும்படி வைத்தார். அதோடு விட்டாரா? ரீடரின் ஜன்னலும் பக்கத்தின் அளவுக்கே சுருங்கி, திரையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும் என்றார். அதில்தான் எங்கள் குடி முழுகியது. ரீடருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சீட்டாட்டம் இருபுறமும் பிதுங்கித் தெரிந்தது.

"ஏண்டா, பஞ்சாங்கத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேட் ராணியா?"

ஒருமுறை ரீடரின் புதிய பதிப்பைப் போட்டதில் எல்லா எண்களும் அழிந்துபோயின. சுவாமி கீழே இறங்கினார். நாலு மானிட்டருக்கு நாலு என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். வேட்டி நுனியில் தேங்காய்த் தண்ணீர் சொட்ட மேலே வந்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

இப்படி ஒரு மனிதரின் அறைக்குள்தான் தங்கம் அக்காவின் கஷ்டம் வந்து உட்கார்ந்தது.

அக்காவுக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஊர். அச்சுக்கோக்கிற காலத்திலிருந்து பிழை திருத்துகிறவர். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பதினேழாம் தேதி பதினொன்றாக விழுந்து, அக்காவின் கண்ணைத் தாண்டிப் போய்விட்டது. சுசீந்திரத்திலிருந்து இரண்டு பெரியப்பாக்கள் ஆறு நாள் முன்னதாகவே வந்திறங்கி, திரும்பிப் போக மனமில்லாமல் கல்யாணம் வரைக்கும் தங்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா எங்கள் மாடிப்படி அதிர ஏறி வந்தார். "ரெண்டு பேரும் ஒரு நேரத்துக்குப் பதினஞ்சு தோச தின்னுதாவ! பத்திரிகை அடிச்சது நீங்கதானே, நீங்களே கொண்டுபோய் வச்சுக்கிடுங்க!"

அவர் போனதும் எங்கள் முதலாளி எட்வின் சார் அக்காவிடம் வந்தார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாது. அதனாலேயே சொன்னது இன்னும் பயமாக இருந்தது. "அக்கா, மனசுல வைக்காண்டாம். ஆனா இனி ஒரு பிழை வந்தா நான் புரூஃபுக்கு வேற ஆளு பாக்கணும்."

அன்றிலிருந்து கவனித்தேன். அக்காவின் மூக்கு திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் அக்கா இப்படி இடிக்கிறீங்க?"

"மெதுவாப் பேசு மக்கா. கண்ணுல புரை. இன்னும் முத்தணும், மழை கழிஞ்சு வாங்கன்னு நாகர்கோவில் டாக்டரு சொல்லியிருக்காரு. எட்வினுகிட்ட சொல்லிராத, கேட்டியா."

"எழுத்தைப் பெருசாக்கித் தரட்டுமா?"

"பின்னால யாரு இருக்கான்னு பாரு."

பின்னால் எட்வின் சாரின் நாற்காலி. எல்லாத் திரையிலும் எழுத்து எறும்பாக ஊரும்போது ஒன்றில் மட்டும் வண்டாக உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்பார்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் இரண்டடி தள்ளி, அடுத்த மானிட்டரில் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்த சுவாமியின் கை அப்படியே நின்றிருந்தது.

திங்கட்கிழமை நான் முதல் ஃபைலைத் திறந்தேன். ஓர் 'அ' எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து முகத்தில் மோதியது. நாலு கம்ப்யூட்டரிலும் இருநூறு சதவீதம். ஜன்னல் திரை முழுக்க விரிந்து கிடந்தது. நெற்றிச் சீட்டுகளைக் காணோம்.

"சுவாமி, இது யாரு பண்ணினா?"

"நானாக்கும். எழுத்தோட அழகு தெரியண்டாமா?"

"அப்போ அளவு?"

"அளவாம் அளவு! உனக்கு வேற ஜோலி கெடயாதா?"

ரீடரில் மட்டும் வைத்ததோடு நிற்கவில்லை. ஃபைலுக்குள்ளேயே ஓர் அளவைச் சொல்லிவைத்துவிட்டால், ரீடர் தன் எண்ணை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கும். அக்காவிடம் போகிற எந்த ஃபைலும் தப்பிவிடக் கூடாது என்று அத்தனைக்குள்ளும் இருநூறையும் முழுத்திரையையும் ஏற்றினார். அந்த ஃபைல்கள் வெளியிலும் போகும் என்பதை மறந்துவிட்டார். ஓர் அரசு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஏறக்குறைய அழுதார்.

"சாரே, ஸ்கிரீன் முழுவன் அட்சரம்! மெனு இல்லா, ஒந்நும் இல்லா! அடைக்கான் பற்றுந்நில்லா!"

மூட வழி தெரியாமல் அவர்கள் மெயின் சுவிட்சையே அணைத்தார்களாம். அந்தப் பிரிவு முழுக்க டீ குடிக்கப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை, அதேபோல் இன்னொரு ஃபைல் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

எட்வின் சார் எழுந்து நடு அறைக்கு வந்தார். "சுவாமி, நான் நேராக் கேக்கேன். இவ்வளவு பெருசா இது யாருக்கு வேணும்? இங்க யாருக்காவது கண்ணு தெரியலியா?"

அக்காவின் சிவப்புப் பேனா நின்றது.

சுவாமி கையைத் தூக்கினார். "எனக்காக்கும்."

"உங்களுக்கா? போன வாரம் அரை மில்லி தப்புன்னு முழு விழா மலரையும் திருப்பி அனுப்பினீங்க!"

"போன வாரம் தெரிஞ்சுது. இந்த வாரம் தெரியலை. வயசாச்சோல்லியோ?"

சுவாமி இல்லாமல் அந்த மாடியில் ஒரு பி.டி.எஃப். பிறக்காது. எட்வின் சார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். இருநூறு நிலைத்தது.

மறுநாள் சுவாமி கிழக்கேகோட்டை நடைபாதையில் வாங்கிய தடித்த மூக்குக்கண்ணாடியோடு வந்தார். வெறும் கண்ணாடி, நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்த மாடியில் நடந்தது தினசரி நாடகம். நாற்காலியில் இடிப்பார். காலண்டருக்குக் குட்மார்னிங் சொல்வார். முதலாளி எதிரில் நின்றால் தலையைச் சாய்த்து, "யாரு, எட்வினா?" என்பார். ஒருநாள் சுவரைத் தடவித் தடவி ஜன்னலுக்குப் போனவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போர்டு எழுதிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "ஏய், அந்த நாலாவது எழுத்து சாஞ்சிருக்கு, நிமித்து!" என்று கத்திவிட்டார்.

எட்வின் சார் மெல்லத் திரும்பினார். "அது எப்படித் தெரிஞ்சுது, சுவாமி?"

"தூரம் கெடலை எட்வின். கிட்டக்கதான் தகராறு."

மழை அந்த வருஷம் போக மனமில்லாமல் கோட்டைச் சுவரிலேயே சாய்ந்து நின்றது. சாம்பல் வெளிச்சம் நிறைந்த அந்தப் பிற்பகல்களில் நாடகத்துக்குள் இருந்த நிஜத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலும் பூதாகரமாகத் திறக்கும் நொடியில் சுவாமி கண்ணை இறுக மூடிக்கொள்வார், பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவரைப் போல. ஒரு நூலிழைக்காகச் சண்டை போட்ட மனிதர். நாளுக்கு நாற்பது தடவை மூடினார், திறந்தார். அக்காவின் கண்ணைத் தாண்டி ஒரு பிழையும் போகவில்லை.

மழை கழிந்தது. அண்ணன் வீட்டு விசேஷம் என்று அக்கா இரண்டு வாரம் லீவு போட்டார். திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி. எட்வின் சார் கேட்பதற்குள் சுவாமி முந்திக்கொண்டார். "செங்கண்ணாக்கும், பக்கத்துல போகாதீங்கோ, ஒட்டிக்கும்!" முதலாளி நாற்காலியோடு அறையின் மறுகோடிக்கு ஓடினார்.

அக்கா உட்கார்ந்து, சுவாமி முடித்து வைத்திருந்த ஒரு மலரின் ஃபைலைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதுகு நேராக இருந்தது.

"இதென்ன சுவாமி, இம்புட்டுப் பெருசா? கண்ணு கூசுது. குறைங்க."

சுவாமி நூற்றைம்பதாக்கினார்.

"இன்னும்."

நூறு. அதற்கும் கீழே. பக்கம் திரைக்கு நடுவில் சின்னதாக ஒதுங்கியது. அக்காவின் பேனா முனை வரிவரியாக இறங்கி, கடைசியில் பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்பில் போய் நின்றது.

"இங்க மூணுன்னு இருக்கு. எட்டுல்லா வரணும்?"

சுவாமி குனிந்து பார்த்தார். மூலப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். எட்டுதான்.

மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே போட்டுவிட்டு, நாற்காலி எதிலும் இடிக்காமல், வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகோடிக்கு ஓடினார். "எட்வின்! எட்வின்! ஃபைனல்ல தப்பு! நான் பாஸ் பண்ணின ஃபைல்ல தங்கம் தப்பு கண்டுபிடிச்சாச்சு!"

பேரன் பிறந்த சேதியைக்கூட ஒரு மனிதர் அப்படிக் கத்திச் சொல்லி நான் கேட்டதில்லை.